பங்குனி மாதத்துப் பெஞ்சு

எங்கள் கம்பத்துக் குடியிருப்பில் யாரும் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னதில்லை. "கழுவிட்டு வந்தா" என்பார்கள். கொஞ்சம் நாகரிகமானவர்கள், "நாள் தள்ளிப் போச்சு, சரி பண்ணிக்கிட்டேன்" என்பார்கள். கடைசி வீட்டு அம்மாள் மட்டும், "பிரிக்பீல்ட்ஸ் போயிட்டு வந்தேன்" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்குப் போக எத்தனையோ காரணம் உண்டு. கோயில் இருக்கிறது, பூக்கடை இருக்கிறது, சேலைக்கடை இருக்கிறது. ஆனாலும் அவர் சொல்கிற தொனியிலேயே எதற்குப் போனார் என்று தெரிந்துவிடும். மனிதர்கள் பேசுகிற பேச்சின்மேல் எனக்கு அப்போதே ஒரு பைத்தியம். பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு நின்றுபோனது. மிச்சப் படிப்பெல்லாம் பஸ்ஸிலும் தண்ணீர்க் குழாயடியிலும் மனிதர்களின் வாயைப் பார்த்துப் படித்ததுதான்.

எண்பதுகளில் நான் கிள்ளானில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் இருந்தேன். கையுறைகளை எண்ணிப் பெட்டியில் அடுக்குகிற வேலை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் அங்கேதான் வேலை. என்னைவிடப் பத்து வயது இளையவள். மூன்று பெண் குழந்தைகள். வீட்டுக்காரர் தாய்லாந்து எல்லைவரை லோரி ஓட்டுகிறவர். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைப் பலகைச் சுவர். அவளுடைய கடைசிப் பெண் தும்மினால் நான் இந்தப் பக்கமிருந்து "நூறு" என்பேன்.

அந்தக் கடைசிப் பெண் பிறந்தபோது அவள் பிழைத்ததே பெரிய காரியம். இரத்தம் நிற்கவேயில்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், "இனி வேண்டாம், இன்னொன்று உன்னைக் கொண்டுபோய்விடும்" என்று சொல்லி, கருத்தடை ஆபரேஷனுக்குக் கணவர் கையெழுத்து வேண்டும் என்றார். கணவர் அந்த வாரம் எல்லையில் லோரியோடு நின்றிருந்தார். அவர் வந்து சேர்வதற்குள் இவள் குழந்தையோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னதற்கு அவர் சிரித்தார்.

"டாக்டருங்க பயமுறுத்துவாங்க லா. எங்கம்மா எட்டு பெத்தாங்க. எட்டாவது பொறந்த மறுவாரம் வெறகு பொளந்தாங்க."

"உங்கம்மாவையே கூட்டிட்டு வாங்க, ஒம்போதாவதும் பெத்துத் தரட்டும்" என்றாள் இவள். பலகைக்கு இந்தப் பக்கம் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. கையெழுத்துப் பேச்சும் அத்தோடு போனது.

குழந்தை பால்குடி மறப்பதற்குள் அவளுக்கு மறுபடி நாள் தள்ளிப் போனது. வயிற்றோடு இருக்கிற ஒப்பந்தக்காரிகளுக்குத் தொழிற்சாலையில் மறு ஒப்பந்தம் கிடையாது. அது ஒரு பயம். ஆனால் பெரிய பயம் உயிர்ப் பயம். "மூணையும் யாருகிட்டக்கா விட்டுட்டுப் போவேன்?" என்று குழாயடியில் என் கையைப் பிடித்தாள். கிளினிக்கில், வீட்டுக்குத் திரும்பக் கூட்டிப்போக ஒரு பெண் துணை வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு மலாய் நன்றாக வரும், ஆங்கிலம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். நான் போனேன். கிள்ளான் பஸ்ஸில் கோலாலம்பூர், அங்கிருந்து மினி பஸ், பிறகு இரண்டு கடைகளுக்கு நடுவில் இருந்த குறுகலான படி.

வீட்டில் கணவரிடம், "தங்கல" என்று மட்டும் சொன்னாள். அவர் லோரிச் சாவியைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்து அழுதாராம்.

"அவரு அழுது நான் பாத்ததே இல்லக்கா. அந்தப் பொய்யச் சொன்ன வாயால எனக்கு ஒரு வாய் தண்ணி குடிக்க முடியல."

அந்த வருஷத் தைப்பூசத்துக்கு அவள் பத்துமலைக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். மூன்று வருஷம் எடுப்பதாக. எதற்கென்று கேட்டவர்களிடம், குடும்ப நன்மைக்கு என்றாள். என்னிடம் மட்டும் சொன்னாள், "அந்தப் புள்ளகிட்ட மன்னிப்புக் கேக்க வேற எடம் தெரியலக்கா." கணவர், நானும் காவடி எடுக்கிறேன் என்றார். ஆளுக்கொரு வேண்டுதல். வேண்டுதலை வெளியில் சொல்லக்கூடாது என்பார்களே, அதனால் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த விரத நாட்களை நான் எப்படிச் சொல்வது? மாலை போட்ட மனிதர் தண்ணியைத் தொடமாட்டார். மற்ற மாதங்களில் சம்பளம் வாங்கிய அன்று அவர் வருகிற சத்தம் கம்பத்தின் முனையிலேயே கேட்கும். விரதம் இருக்கும் மண்டலத்தில் அவர் வருவதே தெரியாது. பையில் பழம் இருக்கும். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கத்தரிக்காய் நறுக்க உட்காருவார். பெண்கள் மூன்றும் அவர் முதுகில் ஏறிக் கிடக்கும். ஒருநாள் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டு, "சாமிக்குன்னு உப்பில்லாம செஞ்சேன்" என்று அவர் சமாளித்ததும், "அப்ப சாமியையே சாப்பிடச் சொல்லுங்க" என்று இவள் மடக்கியதும் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இரவானால் அவர் முன்னறையில் தனியாகப் பாய் விரித்துக்கொள்வார். அவள் பிள்ளைகளோடு உள்ளே.

"வருஷம் பூரா விரதமா இருந்தா என்னக்கா கொறைஞ்சு போயிரும்?" என்பாள்.

பூசம் முடிந்து மாலையைக் கழற்றிய பிறகும் சில நாட்களுக்கு அந்த நல்ல குணம் அவரிடம் மிச்சமிருக்கும். "அந்த ஒரு வாரம் புதுசா கல்யாணம் ஆனவரு மாதிரி இருப்பாருக்கா" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துவாலையில் மறைத்துக்கொண்டாள். மூன்று பிள்ளை பெற்றவளுக்கு அப்படி ஒரு வெட்கம்.

முதல் தடவைக்குப் பிறகு அரசாங்கக் கிளினிக்கில் மாத்திரை வாங்கிச் சாப்பிடத் தொடங்கியிருந்தாள். கணவருக்குத் தெரியாது. காலி மைலோ டின்னுக்குள் வைத்திருப்பாள். வேலைக்குக் கிளம்பும்போது ஒன்று. நானே பார்த்திருக்கிறேன். அப்படியிருந்தும் முதல் பால்குடம் முடிந்த பங்குனியில், குழாயடியில் அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குப் புரிந்துவிட்டது.

மறுபடி அந்தக் குறுகலான படி. டாக்டர் வயதான சீனர். மலாயில் அவர் சொன்னதை நான் அவளுக்குத் தமிழில் சொன்னேன். பெற்றாலும் ஆபத்து, கழுவினாலும் ஆபத்து, மூன்றாவது தடவை இங்கே வந்து நிற்காதே, வராமல் பார்த்துக்கொள். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அங்கிருந்த மிஸ்ஸி, நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம், தமிழ்ப் பெண். "மாத்திரைய ஒழுங்கா சாப்பிட்டியாம்மா?" என்றார்.

"ஒழுங்கா சாப்பிட்டேன் மிஸ்ஸி."

அவள் பொய் சொல்லவில்லை. எங்கே தவறியது என்றுதான் எங்கள் மூன்று பேருக்குமே அன்று புரியவில்லை. சிலருக்கு மாத்திரை பிடிக்காது என்று மிஸ்ஸி வேறொரு மாத்திரையின் பெயரைச் சொன்னார். வீட்டில் மறுபடியும் "தங்கல."

அடுத்த பூசத்துக்கு நானும் அவர்களோடு பத்துமலைக்குப் போயிருந்தேன். அவர் காவடியை இறக்கிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் வேல் குத்திய இடத்தில் விபூதி அப்பியிருந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, கேட்காமலே சொன்னார்.

"ரெண்டு தடவ தங்காமப் போயிருச்சுக்கா. ஆணு பொண்ணு எதுவா இருந்தாலும் சரி, மூணாவதையாவது கையில குடுன்னு கேட்டிருக்கேன். இந்த வருஷம் குடுப்பாரு. எனக்குத் தோணுது."

"வெயிலா இருக்கு தம்பி, இன்னொரு வாய் குடிங்க" என்றேன். மேலே படியில் மஞ்சள் சேலைக் கூட்டத்துக்கு நடுவே அவள் வெறும் குடத்தோடு இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் அவளிடம் சொன்னேன். துணி பிழிந்துகொண்டிருந்த கை நிற்கவில்லை.

"தெரியும்க்கா. வேல் குத்துறதுக்கு முன்னால அவரு வாய் முணுமுணுத்தது எனக்குக் கேட்டுச்சு. ஒரே மலை, ஒரே நாளு. அவரு குடுன்னு கேக்குறாரு. நான் மன்னிச்சிருன்னு கேக்குறேன். முருகன் பாவம், எந்தப் பக்கம் திரும்புவாரு?"

"சொல்லிரு புள்ள. டாக்டர் சொன்னதச் சொல்லிக் கையெழுத்த வாங்கு. உன் உசுரு இது."

"சொல்றேன். ரெண்டு வாரம் போகட்டும். இப்பதான் வீட்ல சிரிச்சுக்கிட்டு இருக்காரு."

அந்த இரண்டு வாரத்தை நான் அவளிடமிருந்து பிடுங்கியிருக்க முடியாது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பிள்ளைகளுக்கு லோரிக் கதை சொல்லிக்கொண்டிருப்பார். புலி குறுக்கே வந்ததாம், புலிக்கே வழி சொன்னாராம். அவள் சிரிக்கிற சத்தம் கேட்கும்.

பங்குனியில் மூன்றாவது தடவை போனோம். வேறு டாக்டர் பார்க்கலாமா என்று கேட்டேன். "புது ஆளுகிட்ட முதல்லேருந்து எல்லாத்தையும் சொல்லணும்க்கா, என்னால முடியாது" என்றாள்.

அன்று கிளினிக்கின் ஒற்றைப் பெஞ்சில் நெருக்கியடித்துத்தான் உட்கார முடிந்தது. ஒரு மூலையில் யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க உத்தியோகஸ்தர் வீட்டு அம்மா, குடையை மடியில் வைத்து முகத்தை ஆங்கிலப் பத்திரிகைக்குள் வைத்திருந்தார். அவர் பக்கத்தை ஒரு தடவைகூடத் திருப்பவில்லை. ரவாங் தொழிற்சாலை ஒன்றிலிருந்து வந்த கல்யாணமாகாத பெண் ஒருத்தி, தோழியின் தோளில் சாய்ந்திருந்தாள். வெளியில் சந்தித்தால் இவர்கள் ஒருவருக்கொருவர் தலையசைத்துக்கூட இருக்கமாட்டார்கள். இங்கே தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி. பூச்சோங் பக்கத்திலிருந்து வந்தவர். தலையில் முக்காடு. அது நழுவியபோது பார்த்தேன், மொட்டை அடித்து முளைத்த முடி, விரல் பிடிக்காத நீளம்.

மிஸ்ஸி வெளியே வந்து எங்கள் வரிசையை ஒரு பார்வை பார்த்தார். அலுப்பில் வந்த பேச்சுதான், குத்தல் இல்லை.

"பத்துமலையில மொட்ட போட்டு, அந்த முடி மொளைக்கிற நேரத்துக்கு எனக்கு இங்க வேல வந்துருது. வருஷா வருஷம் இதே கூத்துதான். இதுல என்னதான் இருக்கோ?"

முக்காட்டுப் பெண்தான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மனசு குழாயடிக்குப் போய்விட்டது. போன வருஷம் பங்குனி. இந்த வருஷம் பங்குனி.

"புள்ள, விரதத்துல மாத்திர சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "விரதத்துல எதுக்குக்கா? அவரு முன்னறையில படுத்திருக்காரு. அந்த மாத்திரையத் தொட்ட கையால வெளக்கு ஏத்துவாங்களா? டின்னோட அலமாரிக்கு மேல போட்டுருவேன்."

"விரதம் முடிஞ்சதும்?"

"மாசம் குளிச்ச அஞ்சாம் நாள்ளேருந்து ஆரம்பிக்கணும்னு அரசாங்கக் கிளினிக் மிஸ்ஸி சொல்லியிருக்காங்கல்ல. குளிக்கக் காத்திருப்பேன்."

காத்திருப்பாள். அவர் புதுமாப்பிள்ளையாக இருக்கிற அந்த வாரத்தில், டின் அலமாரிக்கு மேலே இருக்கும். சொன்னதை எல்லாம் அப்படியே கேட்டு நடந்தவள் அவள். சாமிக்குச் செய்ய வேண்டியதையும் செய்தாள், மிஸ்ஸி சொன்னதையும் செய்தாள். நடுவில் இருந்த அந்த இடைவெளியை அவளிடம் யாரும் சொல்லவில்லை. "விரதத்துல நிறுத்துனீங்களா?" என்று எந்தக் கிளினிக்கிலும் யாரும் கேட்கவில்லை. மாத்திரை சாப்பிட்டேன் என்று அவளும் மனசார நம்பித்தான் சொன்னாள். புருஷன் பக்கத்தில் இல்லாத நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

முக்காட்டுப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நானும் அப்படித்தான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மிஸ்ஸி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, என்னோடு வந்தவள் பக்கத்தில் குனிந்து, "தங்கச்சி, அடுத்த வருஷம் நிறுத்தாதம்மா. விரதமா இருந்தாலும் தினம் ஒண்ணு போட்டுக்க. மாசக் குளியலத் தள்ளிப் போடவே பூசத்துக்கு அத வாங்குற பொம்பளைங்க இருக்காங்க, சாமி குத்தம் ஒண்ணும் இல்ல" என்றார்.

"அவங்க வேற காரணத்துக்கு வாங்குறாங்க மிஸ்ஸி. நான் விரதம் இருக்கிறதே அந்தப் புள்ளைக்காக. அத வராமத் தடுக்கிற மாத்திரையப் போட்டுக்கிட்டு அதுக்கே பால் எடுத்துட்டுப் போறதா?"

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனாள்.

டாக்டர் அவளை அடையாளம் கண்டுகொண்டு, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாராம். திட்டவில்லையாம். அதுதான் பயமாக இருந்தது என்றாள் பிறகு.

வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் காலையில் நடுப்பெண் என் வாசலில் வந்து நின்றாள். "பெரியம்மா, அம்மா பாய் பூரா சிவப்பா இருக்கு." நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் உதடு வெளுத்துக் கிடந்தது. "புள்ளைங்களுக்கு ரோத்தி வாங்கிக் குடுத்துருங்கக்கா" என்றாள். முதலில் அதைத்தான் சொன்னாள். டாக்சிக்காரர் ஒரு மலாய்க்காரர். இருக்கை நனைவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் பெரிய ஆஸ்பத்திரி வாசல்வரை ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

லோரிக் கம்பெனிக்குப் போன் போட்டுச் சொன்னோம். அவர் ஈப்போவைத் தாண்டியிருக்கவில்லை. அதனால் மத்தியானத்துக்குள் வந்துவிட்டார். வரும்போதே, "தங்கலியா?" என்றுதான் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குள் டாக்டர் வந்து அவரிடம் மலாயிலேயே நேராகப் பேசிவிட்டார். கர்ப்பப்பையை எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்றார். வெளியில் செய்துகொண்டு வந்ததில் காயம் என்றார். இதற்கு முன்னும் செய்திருக்கிறார்கள், உங்களுக்குத் தெரியும் இல்லையா என்றார்.

தெரியாது என்று அவர் சொல்லவில்லை. டாக்டர் முன்னால் பெண்டாட்டியை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை போலிருக்கிறது. "தெரியும்" என்றார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பிறகு அந்த நீளமான வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நடந்தார். அங்கேயே நின்றார். அவர் முதுகு மட்டும் தெரிந்தது.

அவள் பிழைத்துக்கொண்டாள். அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். மூன்று பெண்களுக்கும் அம்மா மிச்சமானாள். அவர் இரண்டு வாரம் லீவு போட்டுக் கஞ்சி காய்ச்சினார், அவள் துணியைத் துவைத்தார், சின்னதுக்குச் சடை பின்னக் கற்றுக்கொண்டார். அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை.

"கேட்டாருன்னா சொல்லிருவேன்க்கா" என்றாள் அவள். "எல்லாத்தையும் நெஞ்சுல வரிசையா அடுக்கி வெச்சிருக்கேன். கேக்கவே மாட்டேங்குறாரு."

அடுத்த தை வந்தபோது அந்த வீட்டில் யாரும் மாலை போடவில்லை. மூன்றாவது பால்குடம் பாக்கி இருந்தது. எடுக்கிறேன் என்று அவள் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று அவர் சொல்லவும் இல்லை. கத்தரிக்காய் நறுக்குகிற மனிதர் அந்த வருஷம் வரவில்லை. மற்ற மாதங்களின் மனிதர்தான் எல்லா மாதமும் வந்தார்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். குடித்திருக்கவில்லை. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. படியிலேயே உட்கார்ந்தார். காப்பி கொடுத்தேன். டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். மூன்று தடவையும் என்ன நடந்தது, எங்கே, யார் டாக்டர், என்ன சொன்னார் என்று கேட்பார் என நினைத்து நானும் என் பதில்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அவ அங்க போனப்பல்லாம் கூட யாரு போனா?"

"நான்தான் தம்பி. மூணு தடவையும்."

அவர் தலையை ஆட்டினார். என்மேல் கோபப்படப் போகிறார் என்று நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"திரும்பி வரும்போது பஸ்ல நின்னுக்கிட்டா வந்தா?"

"இல்ல தம்பி. ஜன்னலோரம் உக்கார வெச்சுத்தான் கூட்டிட்டு வந்தேன். என் மேல சாஞ்சு தூங்கிட்டே வருவா."

"ம்" என்றார். காப்பி ஆறிப்போயிருந்தது. அதை ஒரே மூச்சில் குடித்தார். டம்ளரைக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவி, என் படியில் கவிழ்த்து வைத்துவிட்டு, அவர் வீட்டுக்குப் போனார்.